பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பேஸ் மாடலா, வேக மாடலா? வரிசையாக முடிவெடுக்கும் வழி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பும் நண்பர்களோடு கூடப் போய் நிறைய கார்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பேஸ் மாடல் போதுமா, இல்லை பெரிய என்ஜினே எடுத்துவிடலாமா?" இது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை வரிசை மாறாமல் செய்தால் பாதிப் பேருக்கு விடை தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒரே காரின் அடிப்படை வடிவத்தை இங்கே 'பேஸ்' என்கிறேன். பெயருக்குப் பின்னால் எஸ், எம், ஆர், இசட் என்று ஏதாவது எழுத்தைச் சேர்த்துக் கூடுதல் சக்தியோடு வருவதை 'வேக மாடல்' என்கிறேன்.

1. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணத்தை மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். முதலாவது, காரின் விலை. இரண்டாவது, முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகளை முதல் வருடத்தில் செய்து முடிக்க ஒதுக்கும் தொகை. மூன்றாவது, இன்சூரன்ஸ், வரி, டயர், சர்வீஸ் என்று வருடாவருடம் போகிற தொகை.

இரண்டாவது தொகைக்குக் கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கை நான் ஒதுக்கச் சொல்வேன். பத்து வருடம் தாண்டிய வேக மாடல் என்றால் நான்கில் ஒரு பங்கு. இது சூத்திரம் இல்லை, பார்த்துப் பார்த்து வந்த கணக்கு. புதிதாக வருபவர்கள் இருக்கிற பணம் முழுவதையும் முதல் வரியில் போட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் வேக மாடல் 'கைக்கு எட்டுகிற' மாதிரி தெரிகிறது. இரண்டாம் வரியை எழுதிப் பார்த்தால் எட்டுமா எட்டாதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு மாடலுக்கும் இன்சூரன்ஸ் தொகையை இப்போதே தனித்தனியாகக் கேட்டு வையுங்கள். கார் விலையில் வித்தியாசம் சின்னதாக இருந்தாலும் இன்சூரன்ஸில் பெரிதாக இருக்கலாம். காருக்கு முன்பணம் கொடுத்த பிறகு இது தெரிய வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் காரைக் கழற்றிப் பூட்டிப் பழகிய ஒரு மெக்கானிக்கையும் காருக்கு முன்னால் தேடுங்கள். கார் கிடைத்த பிறகு தேடினால் அவசரத்தில் யாரோ ஒருவரிடம் போய் நிற்பீர்கள். பொதுவாக எல்லா வண்டியும் பார்ப்பவருக்கு அந்த என்ஜினில் எங்கே காது வைக்க வேண்டும் என்று தெரியாது.

கைச்சாமான்கள் குறைவுதான். ஒரு டார்ச், டயர் பள்ளத்தை அளக்கும் கேஜ், காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஒரு ஓபிடி ரீடர், பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர். இந்த மீட்டர் உலோக பாடிக்குத்தான் உதவும். கார்வெட் போல ஃபைபர் பாடி கொண்ட காரில் சாதாரண மீட்டர் எதையும் காட்டாது. அங்கே கண்ணும் டார்ச்சும்தான்.

2. எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள்

மனதில் வைத்துக்கொண்டால் போதாது, எழுத வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் இப்போதைய காரை எங்கெல்லாம் ஓட்டினீர்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். ஆசைப்படுகிற பயணங்களை எழுதினால் எல்லோருக்கும் மலைப்பாதையும் ரேஸ் டிராக்கும்தான் வரும்.

காரணம் எளிது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டாம் கியரே 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். நகரத்திலும் சாதாரணச் சாலையிலும் ஓட்டுபவருக்கு வேக மாடலின் மேல் பாதி சக்தி கண்ணிலேயே படாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்காம் தலைமுறையில் 2018க்கு முந்தைய 1.5 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போகும், 2.0 லிட்டர் 6,800 வரைதான். சக்தி அதிகம் பெரியதில்தான். ஆனாலும் சின்ன என்ஜினைக் கடைசி வரை இழுத்து ஓட்டுவதில்தான் சுகம் என்று அதையே தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

வருடத்துக்கு நான்கைந்து நாளாவது டிராக்கில் ஓட்டுவீர்கள் என்றால் கதை வேறு. அப்போது சக்தியை விட பிரேக்கும் குளிர்விப்பும் முக்கியம். இரண்டும் வேக மாடலில்தான் நன்றாக இருக்கும். நான்காவது படியில் இதற்கு வருகிறேன்.

3. தலைமுறையை முதலில் முடிவு செய்யுங்கள், மாடலை அப்புறம்

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இது. ஒரே வருடத்து பேஸையும் வேக மாடலையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுகிறார்கள். பழைய கார் சந்தை அப்படி இயங்குவதில்லை. உங்கள் பணத்துக்குக் கிடைப்பது பழைய வேக மாடல் அல்லது நாலைந்து வருடம் புதிய பேஸ். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் வருடத்து பாக்ஸ்டர் எஸ்ஸில் 3.2 லிட்டர் என்ஜின், 252 குதிரைத்திறன். 2009இல் வந்த பேஸ் பாக்ஸ்டரில் 2.9 லிட்டர், 255 குதிரைத்திறன். பேஸ் என்று பெயர், ஆனால் சக்தியில் அந்தக் காலத்து எஸ்ஸுக்குக் குறைவில்லை. கார்வெட்டிலும் இதே கதை. 2002 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறையின் வேக மாடலான இசட்06க்கு 405 குதிரைத்திறன். அடுத்த தலைமுறையின் பேஸ் காருக்கு 2008இலிருந்து 430.

சக்தி மட்டும் இல்லை. அந்த பாக்ஸ்டரின் முந்தைய என்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உண்டு. என்ஜினுக்குள் ஓடும் ஒரு இடைத் தண்டைத் தாங்கும் பேரிங் அது. அது உடைந்தால் பெரும்பாலும் என்ஜினும் போய்விடும். 2009இல் வந்த புதிய என்ஜின்களில் அந்தத் தண்டே கிடையாது. இந்தக் கவலை பேஸுக்கும் எஸ்ஸுக்கும் பொது. மாடலை மாற்றிப் பயனில்லை, வருடத்தை மாற்றினால்தான் பயன்.

அதனால் முதலில் எந்தத் தலைமுறை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று கட்டம் கட்டுங்கள். அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன மாடல் உங்கள் விலையில் வருகிறது என்று பிறகு பாருங்கள்.

4. என்ஜினைத் தவிர வேறு என்ன மாறுகிறது?

தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பேஸ், வலப்பக்கம் வேக மாடல் என்று எழுதுங்கள். குதிரைத்திறனைக் கடைசி வரியில் போடுங்கள். கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், சஸ்பென்ஷன், டயர் அளவு, கூரை, எடை எல்லாம் அதற்கு மேலே.

2000 முதல் 2002 வரையிலான பாக்ஸ்டரில் இந்தப் பட்டியல் இப்படி வரும். பேஸ் 2.7 லிட்டர், 220 குதிரைத்திறன். மேனுவல் என்றால் ஐந்து கியர். எஸ்ஸுக்கு ஆறு கியர். முன் பிரேக் டிஸ்க் பேஸில் 298 மி.மீ., எஸ்ஸில் 318. எஸ்ஸின் முன் பம்பர் நடுவில் மூன்றாவதாக ஒரு ரேடியேட்டர் இருக்கும்; மேனுவல் பேஸில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டுதான். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. தொட பேஸுக்கு 6.6 நொடி, எஸ்ஸுக்கு 5.9 என்று தயாரிப்பாளர் கணக்கு.

எல்லோர் கண்ணும் அந்த 0.7 நொடியில் போய் நிற்கும். சாலையில் அதை உணர்வது கஷ்டம். மூன்றாவது ரேடியேட்டரை யாரும் பேசுவதில்லை. வெயில் நாளில் டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டினால் அதன் அருமை தெரியும். பிரேக்கும் அப்படித்தான். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் பிரேக்கில் வெப்பம் ஏறும். 140இலிருந்து நிறுத்துவதை விட 160இலிருந்து நிறுத்தும்போது சுமார் 30% அதிக வெப்பம் டிஸ்க்கில் இறங்கும். வேக மாடலுக்குப் பெரிய டிஸ்க் கொடுப்பது அழகுக்காக இல்லை.

சில வேறுபாடுகள் வேக மாடலுக்கு எதிராகவும் இருக்கும். ஆறாம் தலைமுறை கார்வெட்டில் பேஸ் கூப்பேயின் கூரைப் பலகையைக் கழற்றலாம், ஆட்டோமேடிக் கியரும் உண்டு. 505 குதிரைத்திறன் கொண்ட இசட்06இல் கூரை நிரந்தரமாக மூடியிருக்கும், கியர் மேனுவல் மட்டுமே. வீட்டில் இன்னொருவருக்கு மேனுவல் ஓட்ட வராது என்றால் இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும். அதே தலைமுறையில் 2010இலிருந்து கிராண்ட் ஸ்போர்ட் என்று ஒன்று வந்தது. பேஸ் காரின் என்ஜின், அதற்கு அகல பாடி, பெரிய பிரேக், அகல டயர். இப்படி நடுவில் ஒரு மாடல் உங்கள் காரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ், வேக மாடல் என்ற இரண்டை மட்டுமே தேடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

5. பொதுவான குறை எது, பெரிய என்ஜினுக்கே உரிய குறை எது?

பழுதுகளைப் பற்றிப் படித்துப் பயந்துபோய் வருபவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். மூட்டையைப் பிரியுங்கள். இரண்டு மாடலுக்கும் பொதுவான குறை தேர்வுக்கு உதவாது. ஒன்றில் மட்டும் வருவதுதான் தராசைச் சாய்க்கும்.

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் ஈ46 தலைமுறை இதற்கு நல்ல உதாரணம். அதன் வேக மாடல் எம்3. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம் பூட்டியிருக்கும் இடத்தில் தரைத்தகடு விரிசல் விடுவது சாதாரண 3 சீரிஸிலும் வரும், எம்3யிலும் வரும். எதை எடுத்தாலும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேயும் கவலை எம்3யின் 343 குதிரைத்திறன் என்ஜினுக்கு உரியது. அந்த என்ஜினின் வால்வு இடைவெளியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கையால் அளந்து சரிசெய்ய வேண்டும். சாதாரண 3 சீரிஸில் ஒன்றான 330யின் என்ஜினில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். இது பழுது இல்லை, சர்வீஸ் வேலை. ஆனால் முந்தைய உரிமையாளர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பழுதாகத்தான் உங்கள் கைக்கு வரும்.

போர்ஷேயில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது இன்னொன்று. பாக்ஸ்டரின் கூப்பே வடிவம்தான் கேமன். 2009க்கு முந்தைய கேமன் எஸ்ஸின் 3.4 லிட்டர் என்ஜினில் இது அடிக்கடி பேசப்படும். அதே காலத்து 2.7இல் குறைவு. ஆறாம் தலைமுறை கார்வெட் இசட்06இன் 7.0 லிட்டர் என்ஜினில் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) சீக்கிரம் தேய்வது பேர்போன விஷயம். பேஸ் காரின் என்ஜினுக்கு அந்தப் பெயர் இல்லை.

வேக மாடலை விலக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. அந்தக் குறையைப் பரிசோதிக்கும் செலவையும் சரிசெய்யும் செலவையும் முதல் படியில் எழுதிய இரண்டாம் தொகையில் சேருங்கள் என்கிறேன். ஏற்கெனவே சரிசெய்து ரசீது வைத்திருக்கும் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

6. ஓட்டிப் பாருங்கள்: பேஸ், வேக மாடல், மறுபடி பேஸ்

இந்த வரிசை முக்கியம். வேக மாடலை முதலில் ஓட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஓட்டுவது எல்லாம் சப்பென்று இருக்கும். பேஸை முதலில் ஓட்டினால் அது உங்களுக்குப் போதுமா என்று அதை வைத்தே தீர்மானிக்கலாம். மூன்றாவது ஓட்டம் எதற்கு என்றால், வேகத்தின் போதை இறங்கிய பிறகு எது குறைகிறது என்று துல்லியமாகத் தெரியும். முடிந்தால் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள்.

ஒரு நண்பர் அப்படித்தான் மூன்றாவது முறை பேஸில் ஏறினார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதில் கியர் அதிகமாகப் போட வேண்டியிருக்கிறது" என்றார். குறை சொல்கிறாரா என்று திரும்பி முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பேஸையே வாங்கினார். இன்னொருவர் அதே வார்த்தைகளைச் சலிப்போடு சொன்னார். அவருக்கு வேக மாடல்தான் சரி.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினில் வரும் ஒலியும் புகையும் சூடான பிறகு மறைந்துவிடும். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுக் காலையில் போனோம். எக்ஸாஸ்ட் குழாயில் விரலை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "சும்மா இடம் மாற்றி நிறுத்தினேன்" என்றார் விற்பவர். இரவு மழை பெய்து தரை எங்கும் ஈரம். காருக்கு அடியில் மட்டும் கார் அளவுக்கு அச்சாகக் காய்ந்திருந்தது. வண்டி இடம் மாறவே இல்லை, நின்ற இடத்திலேயே சூடு ஏற்றியிருக்கிறார். மறுநாள் வருகிறோம் என்று சொல்லி வந்துவிட்டோம். மறுநாள் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பக்கத்திலிருந்து டக் டக் என்று தட்டல். அத்தோடு அந்தக் காரை விட்டுவிட்டோம்.

புகை பற்றி ஒரு சிறு குறிப்பு. போர்ஷே, சுபாரு போலச் சிலிண்டர்கள் படுத்திருக்கும் என்ஜின்களில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை கொஞ்சம் புகை வந்து போவது சகஜம். நிற்காமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

7. ஓட்டும் செலவை இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்

கார் பழசாக ஆக அதன் விலை இறங்கும். உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை, புதிதாக விற்றபோது அந்தக் கார் எந்த வரிசையில் இருந்ததோ அதற்கு ஏற்பவே நிற்கும். பாதி விலைக்குக் கிடைத்த வேக மாடலுக்கு டிஸ்க் வாங்கப் போனால் முழு விலைக் காரின் டிஸ்க்தான் வரும்.

நான்கு டயர், நான்கு டிஸ்க் பேட், கிளட்ச் செட், ஒரு பெரிய சர்வீஸ். இந்த நான்குக்கும் இரண்டு மாடலுக்கும் விலை கேட்டு எழுதுங்கள். இதற்கு மேல் நுணுகிப் பார்க்கத் தேவையில்லை. டயர் அளவில் மட்டும் கவனம். ஆறாம் தலைமுறை கார்வெட்டின் பேஸுக்குப் பின் டயர் 285 மி.மீ. அகலம், இசட்06க்கு 325. அகலம் கூடக் கூட விலை ஏறும், கடையில் தயாராக இருக்கும் வகைகளும் குறையும்.

செராமிக் பிரேக் உள்ள கார் கிடைத்தால் பலர் மகிழ்ச்சியடைகிறார்கள். டிஸ்க் மாற்றும் விலையைக் கேட்டுவிட்டு மகிழ்ச்சியடையுங்கள். சாலையில் மெதுவாக ஓட்டினால் நெடுநாள் வரும், உண்மைதான். டிராக்கில் ஓடிய காரா என்று தெரியாமல் வாங்குவது ஆபத்து.

8. இனி குறிப்பிட்ட கார்: காகிதங்களும் அடையாளங்களும்

இதுவரை மாடலைப் பார்த்தோம், இனி கண்முன் நிற்கும் காரை. முதல் வேலை, அது உண்மையிலேயே அந்த மாடல்தானா என்று உறுதிசெய்வது. பின்பக்க எழுத்தை யாரும் வாங்கி ஒட்டலாம். சாசி எண்ணையும் ஆப்ஷன் பட்டியலையும் பாருங்கள். போர்ஷேயில் முன் பானட்டின் உட்புறத்திலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஆப்ஷன் எண்கள் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். கார்வெட்டில் கிளவ் பாக்ஸுக்குள் தேடுங்கள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. நல்ல ஆப்ஷன்களோடு வந்த பேஸ் கார்கள் சில சமயம் விற்பவருக்கே தெரியாமல் கிடைக்கும்.

ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தை விட ரசீது மேல், ஏனென்றால் என்ன பாகம், எத்தனை கி.மீ.யில் என்று அதில் இருக்கும். இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே இல்லாத இடைவெளி இருந்தால் கேளுங்கள். வேக மாடலில் இந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு உரிமையாளர் மாறிய இடத்தில் வருகிறது. விலை இறங்கியதும் செலவு தாங்காத கைக்குக் கார் போயிருக்கும்.

டயர்களைக் குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 3519 என்றால் 2019ஆம் வருடத்தின் 35ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய ரப்பரை மாற்றும் செலவில் சேருங்கள். பின் இரண்டும் வெவ்வேறு கம்பெனி டயராக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். டயருக்கே கணக்குப் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத கியர் ஆயிலுக்கு என்ன செய்திருப்பார்?

மேனுவல் கார் என்றால் ஓவர் ரெவ் பதிவைக் கேளுங்கள். ஐந்திலிருந்து நான்குக்கு வர நினைத்து இரண்டில் விழுந்துவிட்டால் சக்கரங்களே என்ஜினை எல்லை மீறிச் சுழற்றும். ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. போர்ஷே போன்ற கார்களில் என்ஜின் கணினி இதை எழுதி வைத்துக்கொள்ளும். 997 தலைமுறை 911இலிருந்து ஆறு நிலைகளாக, கடைசியாக எப்போது நடந்தது என்ற என்ஜின் மணிக் கணக்கோடு பதிவாகிறது. கீழ் நிலைகளில் எண் இருப்பது சாதாரணம். மேல் நிலைகளில், அதுவும் சமீபத்திய மணிக்கணக்கில் இருந்தால் அந்தக் காரை விடலாம்.

9. மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

"எல்லாம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஐந்தாம் படியில் பிரித்த குறைகளின் பட்டியலைக் கையில் கொடுங்கள். பொதுவாகச் சொன்னால் பொதுவாகத்தான் பார்ப்பார்கள்.

வேக மாடலுக்கு லீக் டவுன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனித்து நின்றால் காரணம் தேட வேண்டும். சிலிண்டர் கீறலுக்குப் பெயர் வாங்கிய என்ஜின் என்றால் போர்ஸ்கோப் கேமராவையும் உள்ளே விடச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்த்தால் சுவரின் கீழ்ப் பகுதி தெரியாமல் போகலாம். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கீழேயிருந்து பார்ப்பதுதான் முழுப் பரிசோதனை. விற்பவர் இதற்குத் தயங்குவது இயல்பு, செலவு முழுக்க என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேஸ் காருக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் பேஸ்தானே என்று பரிசோதனையையே தவிர்ப்பவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். முன் பம்பரின் காற்றுத் துளைக்குள் டார்ச் அடித்தால் போதும், சருகு மக்கி ஏசி கண்டென்சரை அரித்திருப்பது தெரியும். பாக்ஸ்டரில் இது எந்த மாடலையும் விடாது.

பெயிண்ட் மீட்டரில் கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். ஒரு கதவு மட்டும் இரண்டு மடங்கு காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்த கதவு. அதற்காகக் காரை விட வேண்டியதில்லை. விற்பவர் முதலில் என்ன சொன்னார் என்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

10. இப்போது அந்தக் கேள்வி

இங்கே வரும்போது கையில் இரண்டு மூன்று நிஜக் கார்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்கும் விலையோடு, உடனே செய்ய வேண்டிய வேலைகளின் செலவையும் மூன்று வருட இன்சூரன்ஸ், டயர், சர்வீஸையும் கூட்டுங்கள். ஒப்பிட வேண்டியது இந்த மொத்தத்தை.

மொத்தத்தில் இரண்டும் அருகருகே வந்து, மூன்றாவது ஓட்டத்தில் பேஸ் சலிப்பூட்டியிருந்தால் வேக மாடலை எடுங்கள். சலிக்கவில்லை என்றால் பேஸ். ரசீதுகள் இல்லாத வேக மாடலுக்கும் ரசீதுகள் நிறைந்த பேஸுக்கும் நடுவில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை, பேஸ்தான். மறுவிற்பனையில் வேக மாடலுக்குத்தான் மதிப்பு என்று சொல்வார்கள். நன்றாகப் பராமரித்த காருக்கு அது பொருந்தும். கவனிக்காமல் விட்ட வேக மாடலை விற்பது கவனித்த பேஸை விற்பதை விடக் கஷ்டம்.

இரண்டாம் தொகை ஒதுக்க முடியவில்லை என்றால் வேக மாடலைத் தொடாதீர்கள். இதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

11. "பேஸ் வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்"

இந்தத் திட்டத்தோடு வருபவர்களிடம் நான்காம் படியில் போட்ட பட்டியலை எடுத்து நீட்டுவேன். என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், அதற்கான குழாய்கள், கணினி. ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டினால் வேக மாடலுக்கும் பேஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு ஆகும். அத்தனையும் செய்த பிறகும் காகிதத்தில் அது பேஸ்தான், விற்கும்போது அந்த விலைதான். மாற்றங்களை இன்சூரன்ஸில் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடே மறுக்கப்படலாம்.

பேஸில் செய்யத் தகுந்தவை சில உண்டு. நல்ல டயர், தரமான பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், தேய்ந்த சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களை மாற்றுவது, வீல் அலைன்மென்ட். பழைய பேஸ் காரில் இந்த ஐந்தையும் செய்துவிட்டு ஓட்டினால், கார் புதிதாக வந்தபோது எப்படி இருந்தது என்று தெரியும். டெஸ்ட் டிரைவில் மந்தமாகத் தெரிந்த பல பேஸ் கார்களுக்குக் குறை என்ஜினில் இல்லை, பதினைந்து வருடப் புஷ்ஷில் இருந்தது.

12. சாவி கைக்கு வந்த பிறகு

என்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள், போன மாதம்தான் மாற்றினேன் என்று விற்பவர் சொல்லியிருந்தாலும். இங்கிருந்து உங்கள் ரசீது வரிசை தொடங்குகிறது. ஆயில் வகையைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். ஈ46 எம்3க்கு 10டபிள்யூ-60 சொல்லியிருப்பார்கள், அதே பாடியில் வரும் 330க்கு அது வேண்டாம். ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் உள்ள, ஆறாம் தலைமுறை இசட்06 போன்ற கார்களில் ஆயில் அளவை என்ஜின் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று மேலே ஊற்றினால் அதிகமாகிப்போகும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் துகள் ஏதாவது தெரிந்தால் அதை ஒரு காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங்கோ அலுமினியமோ. ஒரு சின்ன டப்பாவில் போட்டு மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.